வாசற்படி தாண்டும் முத்திரை

அமெரிக்க மாநிலங்களின் நோட்டரிச் சட்டங்கள் பல விதங்களில் வேறுபட்டாலும் ‘முன்னிலை’ என்னும் கருத்தில் அவை ஒன்றுபடுகின்றன: கையொப்பமிடுபவர் நோட்டரியின் முன் நேரில் வந்து, தாம் யாரென்பதை மெய்ப்பித்து, எவருடைய வற்புறுத்தலுக்கும் ஆளாகாமல் செயல்படுவதைக் காட்டிய பின்னரே பத்திரத்தில் முத்திரை விழ வேண்டும். இந்தக் கருத்து வேரூன்றிய காலத்தில் மேசை நோட்டரியுடையதாக இருந்தது. வந்தவர் எதிரில் உட்கார்ந்தார், ஐயம் எழுந்தால் நோட்டரி தாள்களைத் திருப்பிக் கொடுத்தார், வந்தவர் எழுந்து போனார். ‘மொபைல் நோட்டரி’ எனப்படும் நடமாடும் நோட்டரியோ முத்திரையையும் பதிவேட்டையும் பையில் எடுத்துக்கொண்டு வீடு, மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறைச்சாலை என்று ஆள் இருக்கும் இடத்திற்கே காரில் செல்கிறார். மேசை இப்போது வாடிக்கையாளரின் சாப்பாட்டு மேசை. சட்டம் விதித்த மறுக்கும் கடமை அப்படியே இருக்கிறது. மறுத்த பிறகு எழுந்து போக வேண்டியவர் மட்டும் மாறிவிட்டார். இந்தத் தொழிலின் ஆபத்துகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒற்றை இடமாற்றத்திலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ‘நோட்டரி பப்ளிக்’ என்றதும் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய ஓர் அறையும், சிவப்பு முத்திரை ஒட்டிய பத்திரமும், கறுப்புக் கோட்டு அணிந்த வழக்கறிஞரும் நினைவுக்கு வருவது இயல்பு. இந்தியாவில் 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் பல ஆண்டுகள் வழக்கறிஞர் தொழில் செய்தவர்கள். அமெரிக்காவில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே நோட்டரி ஆவதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. மாநில அரசிடம் விண்ணப்பித்து, சில மாநிலங்களில் ஒரு சிறு பயிற்சியும் தேர்வும் முடித்து, பெரும்பாலும் நான்காண்டுக் காலத்திற்கு நியமனம் பெறும் சாதாரணக் குடிமக்களே நோட்டரிகள். தேசிய நோட்டரி சங்கத்தின் மதிப்பீட்டின்படி நாடு முழுவதும் அவர்கள் சுமார் 44 லட்சம் பேர். வங்கி ஊழியர், கூரியர் கடைக்காரர், அலுவலகச் செயலர் என்று வேறு வேலையின் ஓரத்தில் முத்திரை வைத்திருப்பவர்கள் அவர்களுள் ஏராளம். அந்த முத்திரையையே முழுநேர அல்லது பகுதிநேரப் பிழைப்பாக்கிக்கொண்டு ஊர் சுற்றுபவர்களே இக்கட்டுரையின் பொருளாவோர், அவர்களில் தனியே காரோட்டிச் செல்லும் பெண்கள் கணிசமானவர்கள்.

நம்மூரில் இதற்கு அண்மையான ஒப்புமை நோட்டரியைவிடச் சார்பதிவாளர்தான். நோயுற்றோ நடமாட இயலாமலோ இருப்பவருக்காகப் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பத்திரம் பதிவதற்கு 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் அவ்வாறு வருபவர் அரசு அலுவலர். அவர் எங்கே சென்றிருக்கிறார் என்பது அவருடைய அலுவலகத்துக்குத் தெரியும், அவருடைய மறுப்புக்குப் பின்னால் ஒரு துறை நிற்கிறது. அமெரிக்க நடமாடும் நோட்டரிக்குப் பின்னால் நிற்பது அவருடைய கார் ஒன்றுதான்.

வட்டி விகிதமும் அந்நியர் வீடும்

ஒரு நோட்டரி யாருடைய வீட்டுக்குச் செல்கிறார் என்பதைக் கூர்ந்து பார்த்தால், வீட்டுக்கடன் வட்டி விகிதத்துக்கும் அவருடைய பாதுகாப்புக்கும் இடையே எதிர்பாராத ஒரு தொடர்பு புலப்படும். முத்திரை ஒன்றுக்கு நோட்டரி பெறக்கூடிய கட்டணத்தைப் பல மாநிலங்கள் சட்டத்தாலேயே வரையறுத்துள்ளன. நியூயார்க்கில் நேரடிக் கையொப்பத்துக்கு 2 டாலர், கலிபோர்னியாவில் 15 டாலர், டெக்சாசில் 2023 வரை 6 டாலராக இருந்து பின்னர் 10 டாலர். இந்தத் தொகையில் பெட்ரோல் செலவே கட்டுப்படியாகாது என்பதால், வாகனத்தில் செல்வோர் பயணக் கட்டணம் என்று தனியே ஒரு தொகை பேசிக்கொள்கின்றனர், அல்லது ‘சைனிங் ஏஜென்ட்’ எனப்படும் கையொப்ப முகவர் வேலையை மேற்கொள்கின்றனர். வீட்டுக்கடன் வாங்குபவரிடம் நூறு பக்கங்களைத் தாண்டும் கடன் பத்திரக் கட்டை எடுத்துச் சென்று, ஒவ்வொரு தாளிலும் உரிய இடத்தில் கையொப்பம் வாங்கி, அன்றிரவே அனுப்பிவைப்பது அந்த வேலை. அதை ஒப்படைப்பவை பெரும்பாலும் ‘டைட்டில்’ நிறுவனங்கள், அதாவது சொத்தின் உரிமைத் தொடரை ஆராய்ந்து அதற்குக் காப்பீடு தரும் நிறுவனங்கள்.

முப்பதாண்டு வீட்டுக்கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 விழுக்காடு என்னும் வரலாறு காணாத தாழ்நிலையைத் தொட்டபோது, பழைய கடனை அடைத்துப் புதிய குறைந்த வட்டிக் கடனுக்கு மாறுவோர் அலை அலையாக வந்தனர்; வேலை இழந்தோர் பலர் அக்காலத்தில் நோட்டரி நியமனம் பெற்று இத்தொழிலுக்குள் நுழைந்தனர். 2023 அக்டோபரில் அதே வட்டி 7.79 விழுக்காட்டுக்கு ஏறியதும் அந்த வேலை வற்றிப்போயிற்று. எஞ்சியவர்கள் பொது நோட்டரி வேலை பக்கம் திரும்பினர்: வரைபடச் செயலியில் ‘அருகிலுள்ள நோட்டரி’ என்று தேடி அழைக்கும் எவருக்கும் செல்வது.

பொருளாதாரப் பக்கத்தில் இது வருமான வழியின் மாற்றம் மட்டுமே. பாதுகாப்பின் பக்கத்தில் இது வேறோர் உலகம். கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் குடும்பத்தை ஒரு வங்கி வாரக்கணக்கில் சலித்திருக்கிறது; அவர்களுடைய வருமானம், முகவரி, அடையாளம் எல்லாம் கோப்பில் இருக்கின்றன, காரியம் நல்லபடி முடிய வேண்டும் என்பதில் அவர்களுக்கே அக்கறை மிகுதி. தொலைபேசியில் முதற்பெயரை மட்டும் சொல்லி இரவு ஒன்பது மணிக்கு வரச் சொல்பவரைப் பற்றி எந்தக் கோப்பும் இல்லை.

இதில் ஒரு முரணைக் குறிப்பிடாமல் விட இயலாது. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2012 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, வங்கிகள் தங்களுக்காக வெளியில் வேலை செய்வோரையும் கண்காணிக்கக் கடமைப்பட்டவை என்று உணர்த்தியதைத் தொடர்ந்து, கையொப்ப முகவர்களின் குற்றப் பின்னணியை ஆண்டுதோறும் சரிபார்ப்பது தொழில் வழக்கமாயிற்று. அந்தச் சோதனைக்கான பணத்தையும் பெரும்பாலும் நோட்டரியே கட்டுகிறார். வீட்டுக்காரரை நோட்டரியிடமிருந்து காக்க இவ்வளவு ஏற்பாடு. நோட்டரியை வீட்டுக்காரரிடமிருந்து காக்க அதில் ஒரு வரியும் இல்லை. கலிபோர்னியா நோட்டரி ஒவ்வொருவரும் எடுக்க வேண்டிய 15,000 டாலர் பிணைப்பத்திரமும் அவ்வாறே, நோட்டரியின் தவற்றால் பாதிக்கப்படும் பொதுமக்களுக்கு ஈடு தருவதற்கானதே தவிர, நோட்டரிக்குக் காயம் பட்டால் ஒரு காசும் தராது. பிழைகளுக்கு எதிராக அவர் தாமே எடுக்கும் தொழிற் காப்பீடும் தாளில் நேர்ந்த பிழையைப் பார்க்குமே ஒழிய, படிக்கட்டில் நாய் கடித்ததைப் பார்க்காது.

மறுக்க வேண்டிய விருந்தாளி

வீடு தேடி வரும் தொழிலாளர் பலர். அஞ்சல்காரர் பொருளைத் தருகிறார், குழாய்க்காரர் பழுது நீக்குகிறார், செவிலியர் மருந்து கொடுக்கிறார். இவர்கள் எல்லாரும் வீட்டார் விரும்பியதைச் செய்யவே வருகின்றனர். வீட்டார் விரும்பியதைச் செய்ய மறுப்பது தம் கடமையாகலாம் என்ற நிலையில் கதவைத் தட்டுபவர் நோட்டரி. அடையாள அட்டை மாநிலச் சட்டம் ஏற்காத அளவுக்குக் காலாவதியாகியிருந்தால் மறுக்க வேண்டும். அட்டையில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் மறுக்க வேண்டும். கையொப்பமிடுபவருக்குத் தாம் செய்வது இன்னதென்று விளங்கவில்லை என்று தோன்றினாலும், பக்கத்தில் நிற்பவரின் மிரட்டலுக்கு அஞ்சியே அவர் பேனாவைப் பிடிக்கிறார் என்று பட்டாலும் மறுக்க வேண்டும்.

இவற்றுள் மிகக் கடினமானது ‘பவர் ஆஃப் அட்டர்னி’, அதாவது ஒருவர் தம் சொத்தையும் பணத்தையும் கையாளும் அதிகாரத்தை இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம். இதற்காக நோட்டரியை அழைப்பவர் பெரும்பாலும் அதிகாரத்தைத் தருபவரல்லர், பெறப்போகிறவர்; மகனோ மகளோ மருமகனோ தொலைபேசியில் நேரம் குறித்து, வாசலில் வரவேற்று, பயணக் கட்டணத்தையும் கையில் தருகிறார். படுக்கையில் இருக்கும் முதியவரோ தேதியையும் மகனின் பெயரையும் தடுமாறிச் சொல்கிறார். நோட்டரி மருத்துவர் அல்லர், நினைவாற்றலைச் சோதிக்கும் தகுதியும் அவருக்கில்லை. ஆயினும் ‘இது என்ன பத்திரம் என்று சொல்ல முடியுமா’ என்று ஒரு கேள்வி கேட்டு, பதில் வராவிட்டால் முத்திரையைப் பைக்குள் வைக்க வேண்டியவர் அவரே. அந்த நொடியில் அறையின் காற்று மாறிவிடுகிறது. வீடு விற்பனை, மருத்துவமனைக் கட்டணம், உடன்பிறந்தாரோடு உள்ள பழம்பகை ஆகிய அனைத்தும் அந்த ஒரு முத்திரையில் தொங்கிக்கொண்டிருக்க, வெளியாள் ஒருவர், அதிலும் பணம் கொடுத்து வரவழைக்கப்பட்டவர், ‘முடியாது’ என்கிறார். திட்டமிட்ட குற்றவாளியைவிட, நெருக்கடியில் நிதானம் இழந்த சாதாரணக் குடும்பத்தாரே இத்தொழிலில் நோட்டரி அடிக்கடி எதிர்கொள்ளும் ஆபத்து என்று கருத இடமுண்டு. பாதுகாப்புப் பயிற்சிகள் முன்னவனைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன.

போலி ஆள் விவகாரம் இதிலும் நுண்மையானது. காலி மனைகளையும் கடனில்லாத வீடுகளையும் தேர்ந்தெடுத்து, உரிமையாளர் போல் நடித்து விற்றுவிடும் மோசடி அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவில் பெருகியிருக்கிறது. நீட்டப்பட்ட ஓட்டுநர் உரிமம் போலியானது என்று நோட்டரி கண்டுகொள்ளும் இடம் அந்த ஆளின் முன்னாலேயே, சில சமயம் மூடிய கதவுக்குப் பின்னால். அனுபவசாலிகள் அங்கே உண்மையைப் போட்டு உடைப்பதில்லை. காரில் ஒரு படிவம் இருக்கிறது என்றோ, டைட்டில் நிறுவனத்திடம் ஒரு விவரம் கேட்க வேண்டும் என்றோ சொல்லி வெளியேறி, தொலைவு சென்ற பிறகே உரியவர்களுக்குத் தெரிவிக்கின்றனர். உண்மைக்குச் சான்று கூறுவதையே தொழிலாகக் கொண்டவர் உயிர் தப்ப ஒரு சிறு பொய்யைத் தயாராக வைத்திருக்க வேண்டியிருப்பதை அறநூலோர் பொறுத்துக்கொள்வர் என்று நம்பலாம்.

மறுப்பின் சூட்டைக் குறைக்கும் வழிகள் பெரும்பாலும் புறப்படுவதற்கு முன்பே அமைகின்றன. கையொப்பமிடுபவரிடமே நேரடியாகத் தொலைபேசியில் பேசுவேன் என்று வற்புறுத்துவது, பத்திரத்தின் வகையைக் கேட்டுக்கொள்வது, அடையாள அட்டையின் காலாவதி நாளையும் அதில் உள்ள பெயரின் எழுத்துக்களையும் முன்கூட்டியே படிக்கச் செய்வது, முத்திரை விழாவிட்டாலும் பயணக் கட்டணம் உண்டு என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்வது ஆகியவை மேற்பார்வைக்கு வணிக ஒழுங்குகள்; உண்மையில் இவை பாதுகாப்பு நடவடிக்கைகள். இரவு எட்டு மணிக்கு அந்நியர் வீட்டின் கூடத்தில் நின்றுகொண்டு அறுபது டாலருக்காக வாதாடும் நிலையைத் தவிர்ப்பதைவிட மலிவான தற்காப்பு வேறில்லை.

அண்டைத் தொழில்கள் கற்பித்தவை

தனியே வேலை செய்வோரின் பாதுகாப்பு என்பது ஒரு தனித்துறையாக உருவானதற்கு ஒரு பெண்ணின் மறைவு காரணம். 1986 ஜூலை 28 அன்று லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் வீட்டுத் தரகு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த 25 வயது சூசி லாம்ப்ளூ, ‘மிஸ்டர் கிப்பர்’ என்று தம் நாட்குறிப்பில் எழுதியிருந்த ஒருவருக்கு வீடு காட்டச் சென்று திரும்பவே இல்லை. 1990-களில் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது, உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவருடைய பெற்றோர் அதே 1986-இல் தொடங்கிய அறக்கட்டளை, எங்கே செல்கிறோம், யாரைச் சந்திக்கிறோம், எப்போது திரும்புவோம் என்னும் மூன்று விவரங்களை இன்னொருவரிடம் விட்டுச் செல்வதைத் தொழில் ஒழுக்கமாக்கப் பாடுபட்டு வருகிறது. அமெரிக்காவில் இதே பாடம் 2014 செப்டம்பரில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் பகுதியில் மறுபடி எழுதப்பட்டது. வீடு பார்க்க வருவதாகச் சொன்னவரை நம்பிச் சென்ற பெண் தரகர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். தனியே வேலை செய்யும் பெண் என்பதால்தான் அவரைத் தேர்ந்ததாகக் கைதான ஆள் செய்தியாளர்களிடம் கூறியது அத்தொழிலையே உலுக்கிற்று.

வீட்டுத் தரகருக்கு இல்லாத ஒரு வலிமை நோட்டரிக்கு உண்டு. எதிரில் இருப்பவரின் அடையாளத்தைக் கேட்பது அவருடைய சட்டக் கடமை. கலிபோர்னியாவில் நிலம், வீடு தொடர்பான பத்திரங்களுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கும் பதிவேட்டில் பெருவிரல் ரேகையும் வாங்க வேண்டும். தீய எண்ணம் உடைய எவரும் தம் ரேகையை விட்டுச்செல்ல விரும்பமாட்டார் என்பதால், எந்தப் பேச்சுக்கும் முன்பாக முதலில் பதிவேட்டைத் திறக்கும் பழக்கம் இருவகையிலும் உதவுகிறது. இருப்பினும் இந்தக் காப்பு வீட்டுக்குள் நுழைந்த பின்னரே செயற்படத் தொடங்குகிறது என்பதே அதன் குறை.

செவிலியர் துறையின் பாடம் வேறு வகையானது. 2023 அக்டோபரில் கனெக்டிகட் மாநிலத்தின் வில்லிமான்டிக் நகரில், சிறையிலிருந்து வெளிவந்தோர் தங்கும் இல்லம் ஒன்றுக்கு மருந்து கொடுக்கச் சென்ற செவிலியர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, வீட்டுச் சிகிச்சை நிறுவனங்கள் நோயாளியின் வன்முறைப் பின்னணி முதலான விவரங்களைத் திரட்டித் தம் பணியாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அம்மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் ஒரு முதலாளியை நோக்கிப் பேசுகிறது. 1970-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாறே, அறியப்பட்ட ஆபத்துகளிலிருந்து பணியாளரைக் காக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் சுமத்துகிறது. நடமாடும் நோட்டரி பெரும்பாலும் யாருக்கும் பணியாளர் அல்லர். வேலையை அனுப்பும் நிறுவனத்தின் கணக்கில் அவர் சுயேச்சை ஒப்பந்தக்காரர். நேரம் தவறினால் கேட்பதற்கு நிறுவனம் உண்டு. முகவரியில் ஆபத்து உண்டா என்று விசாரிப்பதற்கு யாருமில்லை. தனியாள் ஒப்பந்த முறையின் எல்லாக் குறைகளிலும் இது மிகவும் வெளிச்சமில்லாத மூலை.

சிறைச்சாலையும் படுக்கையறையும்

இடத்துக்கு இடம் ஆபத்தின் தன்மை மாறுகிறது, அது வெளியாள் எதிர்பார்க்கும் வரிசையில் அமைவதுமில்லை. சிறைக்குச் சென்று கைதியின் கையொப்பம் வாங்குவது கேட்பவருக்கு அச்சம் தருகிறது. ஆனால் அங்கே சோதனை வாயிலும் காவலரும் கண்ணாடித் தடுப்பும் உள்ளன, நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் குறிக்கப்படுகின்றன. மருத்துவமனையில் செவிலியர் அழைக்கும் தொலைவில் இருக்கிறார். நல்ல தெருவில் நல்ல வீட்டின் உள்ளறையே கண்காணிப்பு முற்றிலும் இல்லாத இடம். ஆகவே நூலகம், வங்கிக் கிளை, காப்பிக் கடை போன்ற பொது இடத்தில் சந்திக்கலாமா என்று கேட்பதை அனுபவமுள்ளோர் முதற்கேள்வியாக வைத்திருக்கின்றனர். நடக்க முடியாதவர் அதை மறுப்பது இயல்பு, நடக்க முடிந்தவர் மறுப்பதற்கு என்ன காரணம் சொல்கிறார் என்பதே அந்தக் கேள்வியின் பயன்.

வீட்டுக்கே செல்ல நேர்ந்தால் கவனிக்கப்படும் சிறுவிவரங்கள் பல. வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தினால் பின்னால் இன்னொரு வண்டி வந்து அடைத்துவிடும் என்பதால் தெருவில், புறப்படும் திசை நோக்கி நிறுத்துவது. படுக்கையறைக்கு அழைக்கப்பட்டால் நோயாளியின் பொருட்டே என்று உறுதிசெய்துகொள்வது. கதவுக்கும் தமக்கும் இடையே ஆள் இல்லாதபடி நாற்காலியைத் தேர்வது. பாதி வேலையில் வீட்டில் உள்ளவருக்கோ நண்பருக்கோ தொலைபேசியில் பேசி, தாம் இருக்கும் முகவரியையும் முடியும் நேரத்தையும் வீட்டார் காதில் விழும்படி சொல்வது. நாய் ஒரு தனி அத்தியாயம். அமெரிக்க அஞ்சல் துறை 2023-இல் மட்டும் தன் ஊழியர் மீது 5,800-க்கும் மேற்பட்ட நாய்த் தாக்குதல்களைக் கணக்கிட்டது. அஞ்சல்காரர் வாசலோடு திரும்புகிறார், நோட்டரியோ ஒரு மணி நேரம் நாயின் எல்லைக்குள் உட்காருகிறார். ‘கடிக்காது’ என்னும் உறுதிமொழிக்கு எந்த நோட்டரியும் முத்திரை இடமாட்டார்.

துப்பாக்கி வைத்துக்கொள்வது பற்றி இத்தொழிலுக்குள் ஓயாத விவாதம் நிகழ்கிறது. உரிமம் பெற்று எடுத்துச் செல்வோர் உண்டு. எனினும் சிறையும் பெரும்பாலான மருத்துவமனைகளும் அதை உள்ளே விடமாட்டா என்பதால் அதைக் காரில் விட்டுச் செல்ல வேண்டும், காரில் விட்டுச் செல்லும் துப்பாக்கி திருட்டுக்கான அழைப்பாகும். இரண்டு கைகளாலும் தாள் புரட்டி, விரல் ரேகை வாங்கி, தலை குனிந்து எழுதும் ஒருவருக்கு அது எந்த நொடியில் உதவும் என்பதும் தெளிவாக இல்லை.

பையில் இருக்கும் முத்திரையின் மதிப்பு அதை வைத்திருப்பவருக்கே சில சமயம் புரிவதில்லை. அது களவுபோனால் உடனடியாக மாநிலச் செயலருக்குத் தெரிவிக்கக் கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் கட்டாயப்படுத்துவதற்குக் காரணம், ஒரு முத்திரையும் ஒரு பெயரும் கிடைத்தால் எந்த வீட்டையும் தாளில் கைமாற்றிவிடலாம் என்பதே. எல்விஸ் பிரஸ்லியின் மெம்பிஸ் மாளிகையான கிரேஸ்லேண்டை ஏலத்துக்குக் கொண்டுவர 2024-இல் நடந்த முயற்சி இதற்குச் சான்று. அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்ட பத்திரங்களில் புளோரிடா நோட்டரி ஒருவரின் பெயர் இருந்தது. பத்திரத்தில் கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட, எல்விஸின் மகள் லிசா மேரி பிரஸ்லியைத் தாம் சந்தித்ததே இல்லை என்று அந்த நோட்டரி உறுதிமொழி அளித்தார், நீதிமன்றம் ஏலத்தைத் தடுத்தது. முத்திரையோடு முகவரியும் அம்பலத்தில் இருக்கிறது. தொழில் முகவரியை மாநிலத்திடம் பதிய வேண்டியவர்களில் பலருக்கு வீடே அலுவலகம் என்பதால், மறுப்பால் கோபமுற்ற ஒருவர் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிதன்று.

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த நோட்டரி அறிமுகமானவர்தான். சென்னையிலோ கோவையிலோ உள்ள மனையை விற்க ஊரில் உள்ள உறவினருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்ப விரும்புவோர் அவரை வீட்டுக்கு வரவழைக்கின்றனர். இந்தியக் கடவுச்சீட்டில் அப்பா பெயரோடு சேர்ந்தும், அமெரிக்க உரிமத்தில் வேறு வரிசையிலும், பத்திரத்தில் முதலெழுத்தோடும் அச்சாகியிருக்கும் பெயரைப் பார்த்து அவர் தயங்கும்போது, அந்தத் தயக்கத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் மூன்று ஆவணங்களையும் முன்பே ஒப்பிட்டு வைத்திருப்பது அவருக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

வீடு தேடிச் செல்வதே வேண்டாம் என்னும் தீர்வும் வந்துவிட்டது. காணொளி வழியே கையொப்பத்தைச் சான்றளிக்கும் தொலைநிலை நோட்டரி முறைக்கு 2011-இல் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது வர்ஜீனியா. 2020-இன் பெருந்தொற்று அதை நாடெங்கும் பரப்பியது. கலிபோர்னியாவும் 2023-இல் சட்டம் இயற்றி, 2030 தொடக்கத்துக்குள் அதை நடைமுறைக்குக் கொண்டுவரக் காத்திருக்கிறது. திரைக்கு அப்பால் இருப்பவரை மறுக்க ஒரு பொத்தான் போதும். ஆனால் அம்முறை கையொப்பமிடுபவரிடம் கேமரா, நல்ல இணைய இணைப்பு, செல்லுபடியாகும் அட்டை, பெரும்பாலும் கடன் வரலாற்றிலிருந்து எழுப்பப்படும் கேள்விகளுக்கு விடை ஆகியவற்றைக் கேட்கிறது. இவை அனைத்தும் உள்ள வேலைக்குப் போகும் தம்பதியர், கடனை மாற்றிக்கொள்ளும் குடும்பத்தார், வங்கி சலித்துத் தந்த வாடிக்கையாளர் ஆகியோர் முதலில் திரைக்கு மாறுவர். பக்கவாதத்தில் பேச்சுக் குழறியவர், காலாவதியான அட்டையைத் தலையணைக்கடியில் வைத்திருக்கும் மூதாட்டி, அவருடைய பேனாவைப் பிடித்துக் கொடுக்கும் மகன், சிறையில் இருப்பவர் ஆகியோரிடம் போக ஆள் தேவைப்படும். நடமாடும் நோட்டரியின் நாட்குறிப்பில் கடைசிவரை நீங்காமல் இருக்கப்போகும் முகவரிகள் இவைதாம்.